ஏணிக்கு மசியாத மலை

நாகரசம்பட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறும் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டை மலை வெறும் பாறை. 1791 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் மேக்ஸ்வெல்லுக்கு அப்படி இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பேட்டையைப் பிடித்தார், கீழ்க்கோட்டையும் விழுந்தது. மேல்கோட்டைக்கு ஏணியோடு ஏறியவர்கள் மீது திப்புவின் வீரர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். ஏணிகள் நொறுங்கின, தூக்கி வந்தவர்களும்தான். படை திரும்பிப் போனது.

அந்தக் காலப் போர் வரைபடத்தில் மலை என்றால் சுற்றிலும் குட்டிக் குட்டிக் கோடுகள், கம்பளிப்பூச்சி மாதிரி. சரிவு இருப்பது தெரியும், எத்தனை அடி உயரம் என்பது தெரியாது. மதிலையும் வாசலையும் வரையலாம். உருண்டு வரும் கல்லை எங்கே வரைவது?

ஏணிக்கு மசியாத கோட்டை, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கையெழுத்தோடு கைமாறியது. பாராமகால் சீமை முழுக்கக் கம்பெனிக்கு. நாகரசம்பட்டி வட்டாரமும் அதில் அடக்கம். நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ (பின்னால் சென்னை கவர்னரான அதே மன்றோதான்). போர் முடிந்தும் அளவை முடியவில்லை. இந்த முறை அளந்தது மதிலை அல்ல, நஞ்சையை, புஞ்சையை. தீர்வை போட வேண்டுமே!