கடிதம் கொண்டு வந்தவர்

சென்ற மாதம் எம் பங்குப் பள்ளியின் கணக்கர் என் மேசைமீது ஒரு கடிதத்தை வைத்தார். பக்கத்து ஊர் நிறுவனமொன்று மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகத் தர முன்வந்திருந்தது.

"இங்கேயே இருக்கத்தான் விருப்பம், சாமி. ஆனால் இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்கவில்லை" என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. 'பேரம் பேசவா வந்தீர்?' என்ற சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நான் மறுத்தால்?" என்று மட்டும் கேட்டேன்.

"போய்விடுவேன், சாமி" என்றார், தலைகுனிந்தபடி. அது மிரட்டலன்று, உள்ளதைச் சொன்னார். போகும் எண்ணமே இன்றிக் கடிதத்தை மட்டும் காட்டுவோரும் உண்டு, அது சூதாட்டம்.

1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலைக் குருமடத்தில் பயின்றவன் நான். இருவரும் ஒப்பிய கூலி என்பது மட்டும் போதாது, சிக்கனமான தொழிலாளி வாழ்வதற்கு அது போதுமானதாயும் இருக்கவேண்டும் என்று அம்மடல் கற்பிக்கின்றது. இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன்! சம்பளப் பதிவேட்டைப் புரட்டினேன். நான்கு ஆண்டுகளாக அவருடைய ஊதியம் அசையவேயில்லை. மாதந்தோறும் கீழே இருந்த கையொப்பம் என்னுடையது.

2,000 ரூபாய் கூட்டினோம். அவர் தங்கிவிட்டார்.

அதே ஏட்டில் அடுத்த வரியில் கோயில்பிள்ளையின் பெயர் இருந்தது. அவருக்கு எந்த ஊரிலிருந்தும் கடிதம் வரப்போவதில்லை. பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்திற்கு அந்த ஏட்டை எடுத்துச் செல்லவிருக்கிறேன்.