அப்பாவின் சிவப்புக் கோடு

திங்கள், இரவு

அப்பா முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவர். நாளிதழில் நல்ல கட்டுரை கண்ணில் பட்டால் கத்தரித்து, நீள நோட்டில் ஒட்டி, மனதில் தைத்த வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போடுவார். மருத்துவம், விவசாயம், இலக்கியம் என்று மூன்று நோட்டுகள். இப்போது படிப்பதெல்லாம் போனில்தான். பிடித்ததைத் தன் எண்ணுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொள்கிறார். நேற்று ஒரு கட்டுரையைத் தேடி முக்கால் மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை.

அவருக்காக 'நறுக்கு' என்று ஒரு செயலி எழுதி வருகிறேன். கட்டுரையின் முகவரியைக் கொடுத்தால் சேமித்து வைக்கும். இன்று அவர் கையில் கொடுத்தேன். "அட்ரஸக் காப்பி பண்ணி, வெளிய வந்து, இதத் திறந்து ஒட்டணுமாம்மா? வாட்ஸ்அப்னா அங்கேயே பகிர்னு தட்டினாப் போதுமே" என்றார். நியாயமான கேள்வி. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு 'பகிர்' என்றதும் வரும் வரிசையில் நறுக்கும் நிற்க வேண்டும். இந்த வாரம் அதுதான் வேலை.

செவ்வாய்

குரோமுக்கு என் செயலியைத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 'இந்த உரையை யாருக்காவது அனுப்ப வேண்டும்' என்று அது ஆண்ட்ராய்டிடம் ஒரு செய்தியைக் கொடுக்கிறது. அந்தச் செய்திக்கு இன்டென்ட் என்று பெயர். 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. வாங்கிக்கொள்ள எந்தெந்தச் செயலி தயாராக இருக்கிறது என்பதை ஆண்ட்ராய்டு அவற்றின் மேனிஃபெஸ்ட் என்ற அறிவிப்புக் கோப்பிலிருந்து அறிகிறது. அங்கே மூன்று விவரங்கள் எழுத வேண்டும். செயல் 'சென்ட்', வகை 'டீஃபால்ட்', சரக்கு 'டெக்ஸ்ட் பிளெய்ன்'.

முதலில் பில்டே ஆகவில்லை. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், இப்படி அறிவிக்கும் திரை வெளிச் செயலிகளுக்குத் திறந்ததா மூடியதா என்று 'எக்ஸ்போர்ட்டட்' என்ற சொல்லால் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். திறந்தது என்று எழுதினேன். பில்ட் ஆனது, ஆனால் வரிசையில் நறுக்கைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான், 'டீஃபால்ட்' வரியை விட்டிருப்பது தெரிந்தது. இன்ன செயலிக்கு என்று பெயர் சொல்லாமல் வரும் இன்டென்ட்டுக்கு, அந்த வரி இல்லாத திரையை ஆண்ட்ராய்டு கணக்கிலேயே எடுக்காது. சேர்த்தேன். வாட்ஸ்அப்புக்கும் ஜிமெயிலுக்கும் நடுவே எங்கள் கத்தரிக்கோல் படம் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

புதன்

வரிசையில் நின்றால் மட்டும் போதாது என்று இன்று புரிந்தது. காலையில் அப்பா இரண்டு கட்டுரைகள் அனுப்பினார். முதல் கட்டுரை இரண்டு முறை சேமிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது இல்லவே இல்லை.

நறுக்கின் திரை ஒன்றே ஒன்றுதான் இருக்கும்படி அமைத்திருந்தேன். அது மூடியிருக்கும்போது வரும் இன்டென்ட், திரை பிறக்கும்போதே கையில் கிடைத்துவிடும். ஏற்கெனவே திறந்திருந்தால், புதியது 'ஆன் நியூ இன்டென்ட்' என்ற வேறு வாசல் வழியாக வரும். அதை அங்கே வாங்கி, பழையதன் இடத்தில் வைக்க வேண்டும். நான் அந்த வாசலில் ஆளே போடவில்லை. அதனால் திரை முன்னே வந்தபோது கையிலிருந்த பழையதையே மறுபடி படித்தது. திருத்தியபின் ஐந்து கட்டுரைகளை அடுத்தடுத்து அனுப்பிப் பார்த்தேன். ஐந்தும் வந்தன.

வியாழன்

எதைப் பகிர்ந்தாலும் நறுக்கு தெரியட்டுமே என்று ஓர் ஆசை. 'டெக்ஸ்ட் பிளெய்ன்' இருந்த இடத்தில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வகைச் சரக்குக்கும் வரிசையில் நிற்கலாம். போட்டேன். மாலையில் அப்பா பேத்தியின் படத்தை அத்தைக்கு அனுப்பப் போய், விரல் தவறி நறுக்கைத் தொட்டுவிட்டார். வெறும் வெள்ளைத் திரை. "படம் போயிடுச்சாம்மா?" என்று பதறினார். படம் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தப் பதற்றத்துக்குக் காரணம் நான். வாங்கத் தெரியாததை வாங்குவேன் என்று எழுதிவைத்தது பொய். உடனே எடுத்துவிட்டேன்.

தங்கையிடம் இருப்பது ஐபோன். அங்கே 2014இல் வந்த ஐஓஎஸ் 8 முதல் 'ஷேர் எக்ஸ்டென்ஷன்' என்ற தனித் துண்டு எழுத வேண்டும். எதையும் ஏற்பேன் என்ற விதியைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படியே ஆப் ஸ்டோருக்கு அனுப்பினால் நிராகரிப்பார்கள் என்று ஆப்பிளின் கையேடே சொல்கிறது. அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது.

வெள்ளி

தமிழ் முகவரிகள் நீளமானவை. 'தமிழ்' என்ற சொல் ஒரு முகவரிக்குள் போனால் 45 எழுத்தாக விரியும். கணினிக்கு அதில் ஐந்து குறியீடுகள், குறியீட்டுக்கு மூன்று பைட், பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. பார்க்க அழகாக இல்லை, ஒரே கட்டுரை இரண்டாகவும் சேமிக்கப்படலாம் என்று, ஹாஷ் குறிக்குப் பின் வரும் எல்லாவற்றையும் வெட்டிவிடும்படி எழுதியிருந்தேன்.

"நான் ஒரு வரியை அழுத்திப் பிடிச்சு அனுப்பினேன். அந்த வரி எங்கம்மா?" என்றார் அப்பா.

வந்த உரையை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். மேற்கோள் குறிக்குள் அவர் தேர்ந்தெடுத்த வரி, அதன் கீழே முகவரி. முகவரியின் கடைசியில், ஹாஷ் குறிக்குப் பிறகு, அதே வரி மறுபடியும். 2020இல் குரோம் 80 பதிப்போடு வந்த வசதி இது. அந்த முகவரியைத் திறந்தால் பக்கம் நேராக அந்த வரிக்கே போய், அதற்கு நிறம் பூசிக் காட்டும். குப்பை என்று நான் வெட்டி எறிந்தது அப்பா போட்ட சிவப்புக் கோட்டை.

சாப்பிட மனம் வரவில்லை. இரவே உட்கார்ந்து மாற்றினேன். ஒரே கட்டுரையா என்று ஒப்பிடும்போது மட்டும் அந்த வாலை விலக்குவது, சேமிக்கும்போது முழுதாக வைப்பது. மேற்கோளில் வந்த வரியைக் கட்டுரையில் தேடி, அதன் அடியில் சிவப்பாகக் கோடு போடுவது.

சனி

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே, செயலியின் பெயரோடு அதற்குள் இருக்கும் இடங்களையும் பகிர்வுத் திரையில் காட்ட வழி உண்டு. வாட்ஸ்அப் ஆட்களைக் காட்டுவதுபோல நான் அப்பாவின் மூன்று நோட்டுகளையும் நறுக்குக்குள் வைத்து அறிவித்தேன். எது முன்னே நிற்பது என்பதை ஆண்ட்ராய்டுதான் முடிவு செய்யும். அது என் கையில் இல்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. வந்து சேர்வதைச் சிந்தாமல் வாங்கிக்கொள்வது என் கையில் இருக்கிறது.

மாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு கட்டுரையில் ஒரு வரியை அழுத்திப் பிடித்தார். பகிர் என்றார். 'இலக்கியம்' என்ற நோட்டைத் தொட்டார். நறுக்கைத் திறந்தார். வரி இருந்தது, அடியில் கோடும் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என் கோடு இவ்வளவு நேரா வராதும்மா" என்றவர், குரோமுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.