மவுஸும் 30 செ.மீ. ஸ்கேலும்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹாஸ்டலில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடுகிறவன் செத்தவுடன் சொல்லும் முதல் வார்த்தையும் அதேதான்: "மவுஸ் சரியில்ல மச்சி!"

இவன் மூன்றாம் வருஷ மெக்கானிக்கல். ஆடுவது 2003-இல் வந்த அதே பழைய 1.6. ஐந்து பேர் டீமில் ஐந்தாவது ஆள். முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும், திரும்புவான், பாதி திரும்புவதற்குள் ஆள் காலி. அடுத்த வாரம் பக்கத்து டிபார்ட்மெண்டோடு மேட்ச். இப்படியே போனால் ஜூனியர் பையனை எடுத்துக்கொள்வோம் என்று டீமில் சொல்லிவிட்டார்கள். மெஸ் பில்லுக்கு அப்பா அனுப்பிய பணம் கையில் இருந்தது. புது மவுஸ் வாங்கிவிடலாமா என்று இரண்டு நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

"சென்சிடிவிட்டி எவ்ளோடா வச்சிருக்க?" என்றான் ரூம்மேட்.

"1. பெரிய பிளேயருங்க எல்லாம் கம்மியாத்தான் வப்பாங்க."

"அவங்க டேபிளும் இதே சைஸா?"

பதில் இல்லை. ரூம்மேட் டிராயிங் ஸ்கேலை எடுத்தான்.

முதலில் விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்தார்கள். அது இருந்தால் கை ஒரே தூரம் போனாலும் வேகமாகப் போனால் அதிகமாகவும் மெதுவாகப் போனால் குறைவாகவும் திரும்பும். கை எதைத்தான் பழகும்? கேமில் ரா இன்புட்டையும் போட்டார்கள்.

அப்புறம் கணக்கு. 1.6-இல் சென்சிடிவிட்டி 1 என்றால் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். அவன் மவுஸ் 800 டிபிஐ, அதாவது ஒரு இஞ்ச் நகர்ந்தால் 800 எண்ணிக்கை. ஒரு முழுச் சுற்றுக்கு மவுஸ் சுமார் 52 செ.மீ. போக வேண்டும். பின்னால் திரும்ப மட்டும் 26 செ.மீ. கீபோர்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்கேல் காட்டியது 22 செ.மீ.! திரும்பி முடிப்பதற்குள் மவுஸ் சுவரில் இடித்துவிடும். ஆக, இந்தக் கதையில் கூடமும் கொஞ்சம் கோணல்தான்.

முன்பு டீஃபால்ட்டான 3-இல் வைத்திருந்தபோது முழுச் சுற்றுக்கு 17 செ.மீ. போதும். ஆனால் தலைக்குக் குறி வைத்தால் தலையைத் தாண்டிப் போய் நிற்கும். அதனால்தான் 1-க்கே ஓடியிருந்தான்.

ரெக்கார்ட் நோட்டுகளையும் தண்ணீர் பாட்டிலையும் கட்டிலுக்கு மாற்றி, கீபோர்டைச் சாய்த்து வைத்ததும் 33 செ.மீ. கிடைத்தது. நடுவிலிருந்து பக்கத்துக்கு 16.5. சென்சிடிவிட்டி 1.6 வைத்தால் பின்னால் திரும்ப 16.2 செ.மீ. அதையே வைத்தார்கள். பிறகு சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி இடமும் வலமுமாக நடந்து பார்த்தான். குறி புள்ளியைத் தாண்டினால் குறைக்கணும், பின்தங்கினால் கூட்டணும். பெரிதாக எதுவும் இல்லை.

"மேட்ச் முடியறவரை இந்த நம்பரைத் தொட்ட, கை ஒடியும்" என்றான் ரூம்மேட்.

மேட்ச் தோற்றுத்தான் போனது. அவனும் நிறையத் தடவை செத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எதிராளியை முழுசாகத் திரும்பிப் பார்த்தபடி செத்தான். சத்தம் கேட்காமல் போனது, அவசரப்பட்டு எட்டிப் பார்த்தது என்று காரணம் ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்தது. மவுஸ் மேல் பழி போடவில்லை. டீமிலும் யாரும் ஜூனியர் பேச்சை எடுக்கவில்லை.

மெஸ் பில்லை மறுநாளே கட்டிவிட்டான்.