வைத்தியனும் வாளும்

'ஆயிரத்தில் ஒருவன்' வெளிவந்தது 1965 இல். நான் அதை முதலில் பார்த்தது பத்து வருடம் கழித்து, யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றின் கலரியில், ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து. பழைய படங்களே திரும்பத் திரும்ப ஓடிய காலம். கட்டபொம்மனையும் கர்ணனையும் சிவாஜியை வைத்து எடுத்த பி. ஆர். பந்துலு, எம்.ஜி.ஆரோடு சேர்ந்த முதற்படம். ஜெயலலிதா எம்.ஜி.ஆருக்குச் சோடியானதும் இதில்தான் முதல். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கப்பலும் கடற்கொள்ளைக்காரரும் வாளும் போதுமாயிருந்தன. நம்பியார் கேள்வியைத் தொடங்கியதுமே, எம்.ஜி.ஆர். சொல்லப்போகும் பதிலுக்குக் கலரி விசிலடித்தது.

சைக்கிள் பாரில் இருந்து வீடு திரும்புகையில் கையை வாளாக வீசிக்கொண்டு வந்தேன்.

"டேய், ஆடாமல் இரு. அவன் முதலிலை ஆர்? வைத்தியன் எல்லோ. காயப்பட்டவனுக்கு மருந்து கட்டினதுக்குத்தானே அவனை அடிமையாக்கினவங்கள்" என்றார் ஐயா.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஐயா கிராமத்து ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி. மருந்துக்கதை வீட்டிலேயே நிறைய இருந்தது.

1987 இன் பிற்பகுதியில் ஓர் இரவு, தொடையில் சன்னம் பாய்ந்த ஒரு பெடியனை எங்கள் விறாந்தையில் கிடத்திவிட்டுப் போனார்கள். பதினேழு வயதிருக்கும். எந்தப் பக்கம் என்று ஐயா கேட்கவில்லை. அம்மா அரிக்கன் லாம்பைப் பிடிக்க, தைத்துக் கட்டி, விடியமுன் அனுப்பிவைத்தார். ஒரு கிழமையில் ஐயாவைக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். அடுத்த வருடம் வேறு ஆட்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள்: ஆருக்கு மருந்து கட்டினாய்? இரண்டாந்தரம் திரும்பி வந்தபோது வலதுகையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பிறகு அவர் காயம் தைக்கவில்லை. ஏஜென்சிக்குக் காசு கட்டி என்னை வெளியே அனுப்பியது அந்த வருடம்தான்.

பாரிசின் புறநகரில் ஒரே அறையில் ஏழுபேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த வீடியோக் கசெற். ஒருநாள் இந்தப் படம். மணிமாறனும் தோழர்களும் அடிமைகளாக விற்கப்படும் இடத்தில் அறையில் சத்தமில்லை. எங்களை எவரும் விற்கவில்லை. நாங்களே காசு கொடுத்து வந்தவர்கள். ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கதையின் வேரை இங்கே வந்துதான் அறிந்தேன். ரஃபயேல் சபற்றினி 1922 இல் எழுதிய 'கப்டன் பிளட்' நாவலும், எரோல் பிளின் நடித்து 1935 இல் வந்த படமும் இதற்கு மூலம். அதற்கும் பின்னால் ஓர் உண்மை மனிதர் இருக்கிறார். 1685 இல் இங்கிலாந்தில் மன்மத் பிரபுவின் கிளர்ச்சி தோற்றது. காயப்பட்ட கிளர்ச்சிக்காரருக்கு வைத்தியம் பார்த்த ஹென்றி பிற்மன் பார்படோஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். 1687 இல் சிறு படகொன்றில் தப்பினார். ஊர் திரும்பி, 1689 இல் தன் அனுபவத்தை அச்சிட்டார். அவர் கொள்ளைக் கப்பலின் தலைவராகவில்லை. அந்த வாளைக் கொடுத்தது நாவலும் சினிமாவும். சைக்கிளில் வைத்து ஐயா சொன்னது சரிதான்.

ஐயா 1996 இல், வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் காலமானார். நான் போகவில்லை. போய்வரக்கூடிய கடதாசி என்னிடம் இருக்கவில்லை.

2014 இல் இந்தப் படத்தைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். பின்னொருநாள் மகளோடு இருந்து பார்த்தேன். வாட்சண்டைகளுக்கு அவள் சிரித்தாள். "அவன் முதலில் ஒரு வைத்தியன்" என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மீண்டும் கப்பலைப் பார்த்தாள். நானும் அந்த வயதில் கப்பலைத்தான் பார்த்தேன்.

பிற்மன் தன் கதையைத் தானே எழுதினார். ஐயா எழுதவில்லை. பேசவுமில்லை. அந்தப் பெடியன் உயிரோடு இருக்கிறானோ என்று மட்டும் கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தாராம். அம்மா கடிதத்தில் எழுதியிருந்தார்.