வண்டியும் வட்டியும்



லண்டனின் வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறோம். எங்களிடம் இருந்தது 2012ஆம் ஆண்டின் டீசல் கார். 2023 ஆகஸ்ட் 29 அன்று 'யூலெஸ்' எனப்படும் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம் லண்டன் மாநகர் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அன்று முதல் அந்தப் பழைய வண்டியைத் தெருவில் இறக்கும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைப் பவுண்டு செலுத்த வேண்டியதாயிற்று. தவிர்க்க இயலாத நாள்களில் மட்டும் அதை எடுத்தோம்; பிற நாள்களில் பேருந்தில் சென்றோம். இப்படியே ஈராண்டு பணம் சேர்த்தோம். 2025 கோடையில் எஞ்சினும் தளர்ந்துவிடவே, வேறு வண்டி தேடுவது கட்டாயமாயிற்று.

அவ்வேளையில்தான் எங்கள் மூத்த மகன் பத்தொன்பது வயதில் ஓட்டுநர் உரிமம் பெற்றிருந்தான். "வாப்பா, கோல்ஃப் ஜிடிஐ எடுப்போம்" என்றான். 1976இல் விற்பனைக்கு வந்த வண்டி அது. குடும்பக் காரின் உடலில் வேகக் காரின் எஞ்சினைப் பொருத்தும் 'ஹாட் ஹேட்ச்' என்ற வகையை உலகறியச் செய்தது அதுவே. ஐவர் அமரலாம், சந்தைக்கும் செல்லலாம், திறந்த சாலையில் சீறியும் பாயலாம். பெற்றோராகிய எங்களுக்கு அந்த ஆசை இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். நல்ல வாகனம் அமைவதை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். ஆசை குற்றமன்று, அதை எந்த வழியில் அடைகிறோம் என்பதே கேள்வி.

மகனின் உம்மாவுக்கோ அதே கோல்ஃப் குடும்பத்தின் ஜிடிஇ மீது நாட்டம். அது 'ப்ளக்-இன் ஹைபிரிட்'. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. வீட்டில் மின்னேற்றம் செய்யத்தக்கது. ஆக, எங்கள் முன் நான்கு வாசல்கள் இருந்தன: புதிய ஜிடிஐ, புதிய ஜிடிஇ, பயன்படுத்திய ஜிடிஐ, பயன்படுத்திய ஜிடிஇ.

புதியவற்றை முதலில் பார்த்தோம். இரண்டுமே நாற்பதாயிரம் பவுண்டை ஒட்டிய விலை. பட்டியல் விலை நாற்பதாயிரத்தைத் தாண்டும் புதிய காருக்கு இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகள், 2025ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண்டுதோறும் 425 பவுண்டு கூடுதல் வரியும் இருந்தது. எங்கள் சேமிப்பு அதில் பாதியளவே. விற்பனையாளர் இதற்கெல்லாம் பழகியவர். "பிசிபி போட்டுவிடலாம்" என்று புன்னகைத்தார். முன்பணம் சிறிது, மாதத் தவணை சிறிது, இறுதியில் ஒரு பெருந்தொகை. அதைக் கட்டினால் வண்டி நமதாகும். இல்லையேல் திருப்பித் தந்துவிடலாம். கேட்பதற்கு இலகுவாகத்தான் இருந்தது. தாளை வாங்கிப் படித்தபோதுதான், தள்ளிவைத்த அந்த இறுதித் தொகைக்கும் சேர்த்தே மாதாமாதம் வட்டி கணக்கிடப்படுவது தெரிந்தது.

"எல்லாரும் அப்படித்தான் வாப்பா எடுக்கிறாங்க" என்றான் மகன். அவன் சொன்னது உண்மை. பள்ளிவாசல் வாகன நிறுத்தத்திலேயே அத்தகைய வண்டிகள் நிற்கின்றன. அவற்றின் உரிமையாளர்களைக் குறை கூற நாங்கள் யார்? ஆனால் ஒருமுறை வட்டிக்கடன் வாங்கி, அதிலிருந்து மீள நாங்கள் பட்ட பாட்டை அவன் அறியான். அன்று அவன் கைக்குழந்தை. கடைசித் தவணையைக் கட்டிய இரவில், இனி இதன் பக்கம் திரும்புவதில்லை என்று இருவரும் அல்லாஹ்விடம் உறுதியளித்திருந்தோம். அந்தக் கதையை அன்றைக்குத்தான் அவனிடம் முதன்முதலாகச் சொன்னோம். அவன் வாதிடவில்லை. ஆக, புதியவை இரண்டும் நீங்கின.

அடுத்த சோதனை காப்பீட்டில் வந்தது. இந்நாட்டில் அப்போது கார்கள் காப்பீட்டுக்காக ஐம்பது பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தன. வேகக் காரும் இளம் ஓட்டுநரும் சேர்ந்தால் தொகை மலைக்க வைக்கும். மகனின் நண்பர்கள் வழி சொன்னார்கள்: வண்டியை நாள்தோறும் ஓட்டுவது அவனாயினும், வாப்பாவே முதன்மை ஓட்டுநர் என்று படிவத்தில் எழுதிவிட்டால் போதுமாம். இதற்கு 'ஃபிரண்டிங்' என்று பெயர்; இந்நாட்டுச் சட்டப்படி இது மோசடி. சட்டம் அவ்வாறு சொல்லாவிட்டாலும் பொய் பொய்தானே? மகனுக்கு நேர்மை கற்பிக்க வேண்டிய கையே அந்தப் படிவத்தில் பொய்க் கையொப்பம் இடுவதா? வண்டி குடும்பத்தின் வண்டியாகவே இருக்கும், அவன் வார இறுதியில் மட்டும் ஓட்டுவான், உள்ளதை உள்ளபடி எழுதுவோம் என்று முடிவு செய்தோம். தொகை கூடத்தான் செய்தது. ஏற்றுக்கொண்டோம்.

எஞ்சியவை பயன்படுத்திய இரண்டு. 2021ஆம் ஆண்டின் ஜிடிஐயும் ஜிடிஇயும் ஒரே ஆற்றல் கொண்டவை: 245 குதிரைத்திறன். மகனுக்கு இது வியப்பு. ஆயினும் மின்கலத்தால் ஜிடிஇ கனமானது. பின்புறச் சாமான் பெட்டியும் ஏறத்தாழ நூறு லிட்டர் சிறியது. வளைவுகளில் ஜிடிஐயே துள்ளலானது. ஹைபிரிட் வண்டிகளுக்கிருந்த பத்துப் பவுண்டு ஆண்டுவரிச் சலுகையும் 2025 ஏப்ரலில் நீங்கியதால், அப்போது இரண்டுக்கும் ஆண்டுக்கு 195 பவுண்டாகவே இருந்தது. எரிபொருளில்தான் வேறுபாடு. மருத்துவமனை வேலை, பள்ளி, கடை என நாளொன்றுக்கு நாங்கள் ஓட்டுவது பதினெட்டு மைல். ஜிடிஇயின் மின்தூரம் அறிவிப்பின்படி நாற்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. வீட்டின் முன் வண்டி நிறுத்தவும் எங்களுக்கு இடமுண்டு. அது இல்லையெனில் எங்கள் முடிவு மாறியிருக்கும். அண்டை வீட்டார் நடக்கும் பாதையின் குறுக்கே மின்கம்பியை இழுத்துவிட முடியாதல்லவா?

நாங்கள் பார்த்த முதல் ஜிடிஇ ஒரு நிறுவனத்தின் வண்டியாக நான்காண்டு ஓடியது. அதன் பின்பெட்டியைத் திறந்தோம். மின்னேற்றும் கம்பி, தொழிற்சாலையில் சுற்றிய பிளாஸ்டிக் உறையோடு அப்படியே கிடந்தது. நான்காண்டில் ஒருமுறைகூட அது வெளியே எடுக்கப்படவில்லை. வரிச் சலுகைக்காக வாங்கி, பெட்ரோலிலேயே ஓட்டியிருக்கிறார்கள். மின்னேற்றாத ஹைபிரிட் என்பது வீணாக ஒரு மின்கலத்தைச் சுமந்து திரியும் பெட்ரோல் கார். "நிய்யத் இருந்தது, அமல் இல்லை" என்றார் மகனின் உம்மா. சிரித்தோம். ஆனால் அச்சொல் வீடு வரை எங்களோடு வந்தது. நாமும் நாள்தோறும் கம்பியைச் செருகுவோமா, அல்லது ஒரு மாதத்தில் சலித்துவிடுவோமா?

எம்ஓடி சோதனை வரலாற்றை அரசுத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். அதையும், பணிப் பதிவேட்டையும், டயர்களையும், மின்கல உத்தரவாதத்தில் எஞ்சியுள்ள ஆண்டுகளையும் சரிபார்த்து, மூன்றாவதாகப் பார்த்த ஜிடிஇயை எடுத்தோம். முழுத் தொகையும் ரொக்கம். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் கடன் இல்லை.

குறைகளும் உண்டு. குளிர்காலத்தில் மின்தூரம் இருபத்தைந்து மைலாகச் சுருங்குகிறது. பெருநாளுக்கு பர்மிங்ஹாம் உறவினர் வீட்டுக்குச் சென்றபோது, பாதி வழியிலிருந்து வெறும் பெட்ரோல் கார்தான். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டோம். ஜிடிஐ ஒன்று எங்களைக் கடந்து விரைகையில் மகனின் கண்கள் இன்னும் அதன் பின்னே செல்கின்றன. எங்கள் கண்களும்தான்.

ஆயினும் இரவு இஷா தொழுது வந்ததும், எவரும் சொல்லாமலே அவன் வெளியே சென்று கம்பியைச் செருகுகிறான். மழையென்றாலும் தவறுவதில்லை. அல்லாஹ் நம் வாகனங்களில் பரக்கத் செய்வானாக. அவற்றை நாம் அடையும் வழிகளையும் தூயனவாக்குவானாக. ஆமீன்.