காசிக்குப் போகாத கொள்ளுத்தாத்தா

"குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது மனநலப் பிரச்னை இருந்திருக்கா?"

டாக்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். ப்ளஸ் டூ படிக்கும் என் மகன் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. அதனால் அவனை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த என் அம்மா முந்திக்கொண்டார். "எங்க வம்சத்துலயே அப்படி யாரும் கிடையாதுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். வீடு திரும்பும் வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. இரவு எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "உன் கொள்ளுத்தாத்தா காசிக்குப் போகலைடி. பெட்டியில பெரிய ஆயா எழுதின நோட்டு இருக்கு. எடுத்துப் பாரு."

ஈக்காட்டுத்தாங்கலில் ஆயா வீட்டில் வளர்ந்தவள் நான். ஆயாவின் அப்பாதான் அந்தக் கொள்ளுத்தாத்தா. அவரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரே ஒரு வரிதான் உண்டு: "நிலத்தையெல்லாம் வித்துத் தீர்த்துட்டு காசிக்குப் போயிட்டார்." மேலே கேட்டால், "சாப்பிடுற நேரத்துல என்ன பேச்சு?" என்று ஆயா அதட்டுவார். ஆற்றைத் தாண்டினால் ஜாபர்கான்பேட்டையில் காசி தியேட்டர். சின்ன வயதில் தாத்தா அங்கே படம் பார்க்கப் போய்த்தான் திரும்பி வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள். ஆயா மட்டும் சிரித்ததே இல்லை.

வயல் இருந்த ஊர்

இன்றைக்கு ஈக்காட்டுத்தாங்கல் என்றால் நூறடி சாலை, ஒலிம்பியா டெக் பார்க், 2015 ஜூனில் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயில், காலை ஒன்பது மணிக்கு நகராத வண்டிகள். ஆனால் பெயரிலேயே பழைய ஊர் இருக்கிறது. செங்கல்பட்டுச் சீமையில் சிறிய ஏரியைத் தாங்கல் என்பார்கள். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அந்த வகைதான். மழைத் தண்ணீரைத் தாங்கி வைத்திருந்து வயலுக்கு விடும் இடம். பக்கத்திலேயே அடையாறு. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்த பிறகுதான் இந்தப் பகுதியில் நாற்று வாசனை போய் லேத் பட்டறைச் சத்தம் வந்தது. அதற்கு முன்பு எங்கள் வீட்டுக்கும் ஆற்றோரம் கொஞ்சம் நஞ்சை இருந்தது.

பெட்டி என்று அம்மா சொன்னது ஆயாவின் தகரப் பெட்டியை. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அடையாறு கரை மீறியது. எங்கள் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் பாதிக்கு மேல் சேறு. அடியில் கிடந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது. மேலே மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு கட்டு மட்டும் ஓரம் நனைந்து தப்பியது. ஆயா அதை யாரையும் தொடவிடவில்லை. தானே மாடிக்குக் கொண்டுபோய் நிழலில் உலர்த்தினார். 2018-ல் ஆயா போன பிறகும் அந்தப் பை அப்படியே இருந்தது.

காகிதம் சொன்ன வரிசை

பையில் நான்கு ஜாதகங்கள், கிஸ்து கட்டிய ரசீதுகள், இரண்டு புரோநோட்டு, ஒரு கிரயப் பத்திரத்தின் நகல், அட்டை கிழிந்த ஒரு கணக்கு நோட்டு. நாலாங்கிளாஸ் படித்த பெரிய ஆயா, அதாவது கொள்ளுத்தாத்தாவின் மனைவி, எழுதிய வரவு செலவுக் கணக்கு அது. தேதி எல்லாம் தமிழ் வருஷத்தில் இருந்ததால் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில ஆண்டைக் கண்டுபிடித்தேன். பிறகு எல்லாவற்றையும் தேதி வரிசையில் தரையில் பரப்பினேன்.

1942 வரை கிஸ்து ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அந்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணமே காலியானது. அடுத்த ஆண்டு, 1943 அக்டோபரில், சென்னையில் பெருவெள்ளம். கூவமும் அடையாறும் ஒன்றாகப் பொங்கின. முதல் புரோநோட்டு அதற்கு அடுத்த மாதம்: முந்நூறு ரூபாய், "விதை, மாடு வகைக்கு". இரண்டாவது, முதல் கடனின் வட்டியைக் கட்ட வாங்கிய கடன். 1945 பிப்ரவரியில் நிலம் கைமாறுகிறது.

அவரைப் புனிதராக்க எனக்கு ஆசையில்லை. நோட்டில் "கள்ளுக்கடை பாக்கி" என்று ஆறு இடத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஆறும் வெள்ளத்துக்குப் பிறகு எழுதியவை. "குடித்தார், நிலம் போனது" என்று கேட்டு வளர்ந்தவள் நான். காகிதத்தில் முதலில் போனது விளைச்சல். இன்னொன்றையும் கவனித்தேன். புரோநோட்டில் தபால்தலை மேல் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கும் மனிதர், பதினைந்து மாதம் கழித்து எழுதிய கிரயப் பத்திரத்தில் கையெழுத்தே போடவில்லை. கைநாட்டுதான் இருக்கிறது.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, பார்த்திப வருஷம் சித்திரை மாதக் கணக்கில் புதிதாக ஒரு வரி வருகிறது: "கீ.பா. போக வர 6 அணா. பழம், பன் 3 அணா."

கீ.பா. என்றால் கீழ்ப்பாக்கம்.

சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சினிமாவில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். நானே கல்லூரியில் தோழிகளை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெயருக்குள் என் வீட்டு ஆள் இருந்தது அப்போது தெரியாது.

அரை மணி நேரத் தூரம்

ஒரு சனிக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன். ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கீழ்ப்பாக்கம் போகலாம். மேலே போகும் ரயில் அடையாற்றைத் தாண்டும்போது கீழே தண்ணீர் கறுப்பாகத் தேங்கிக் கிடந்தது. காசி தியேட்டர் பின்னால் போனது. கோயம்பேடு தாண்டியதும் ரயில் பூமிக்குள் இறங்கியது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பெரிய ஆயா கிண்டிக்கு நடந்து, மின்சார ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து மறுபடி நடந்திருக்க வேண்டும். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்தே ஓடியது.

நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் மேடவாக்கம் டேங்க் ரோட்டுக்குப் போனேன். இங்கேயும் ஏரி சாலையின் பெயரில்தான் இருக்கிறது. 1794-ல் வாலண்டைன் கனோலி என்ற ஆங்கிலேய டாக்டர் 16 பேருடன் புரசைவாக்கத்தில் தொடங்கிய காப்பகம்தான் இன்றைய அரசு மனநலக் காப்பகத்தின் ஆரம்பம். 1871-ல் லோகாக் தோட்டத்தில் இந்த வளாகம் 145 பேருடன் திறக்கப்பட்டது. கொள்ளுத்தாத்தா காலத்தில் 1912-ம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. அதன்படி டாக்டர் சான்றோடு மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, உத்தரவு வாங்கித்தான் ஒருவரை உள்ளே சேர்க்க வேண்டும். நோட்டில் பங்குனி மாதம் "சைதாப்பேட்டை கோர்ட்டு, மனு எழுத 2 ரூபாய்" என்று ஒரு வரி எனக்குப் புரியாமல் இருந்தது. வாசலில் நின்றபோதுதான் புரிந்தது. மனுப் போட்டது பெரிய ஆயாவாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே மரங்கள் அடர்த்தியாக இருந்தன. பார்வை நேரத்துக்காக டிபன் கேரியரோடு ஒரு அம்மா காத்திருந்தார். ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்றார். "எங்க கொள்ளுத்தாத்தாவை" என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

நோட்டில் அந்த வரி மாதாமாதம் வருகிறது. சில மாதம் "பீடி 1 அணா", ஒரு தீபாவளிக்கு "வேட்டி". நாடு விடுதலையான 1947 ஆடி மாதக் கணக்கிலும் கீ.பா. உண்டு, விடுதலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆண்டு கார்த்திகையில் வரி மாறுகிறது: "கீ.பா. வண்டி 4 ரூபாய். கோடித் துணி." அதற்குக் கீழே "16-ம் நாள் செலவு". அதோடு கீ.பா. நின்றுவிடுகிறது.

பெரிய ஆயாவுக்கு மூன்று பெண்கள். கீழ்ப்பாக்கம் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? அதற்காகத்தான் காசி. பத்து வயதில் எங்கள் ஆயாவும் அந்தப் பொய்யை மனப்பாடம் செய்திருக்கிறார், எண்பது தாண்டியும் காப்பாற்றியிருக்கிறார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எல்லாக் குடும்பமும் மறைக்கவில்லை. 1908-ல் வ.உ.சி.க்குத் தண்டனை விதித்த செய்தி கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கியது அந்த வீட்டு வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. அதனால் அவர்கள் மதிப்பு எதுவும் குறைந்துவிடவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். ஜாதகம், பழைய பத்திரம், ரசீது, கணக்கு நோட்டு எதையும் குப்பை என்று போடாதீர்கள். நனைந்த தாளை வெயிலில் காயவைக்காமல், நடுவில் வெற்றுத் தாள் வைத்து நிழலில் உலர்த்துங்கள். தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். பக்கங்களை போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது அம்மாவே ஆரம்பித்தார். "போன தடவை தப்பா சொல்லிட்டேங்க. எங்க தாத்தா கீழ்ப்பாக்கத்துல இருந்தாரு. ரெண்டரை வருஷம்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்றில்லை, தெரிந்திருந்தால் சிகிச்சைக்கு உதவும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். மகன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்தான். நடுவில் விரல் விட்டு எண்ணினான். பல வாரத்துக்குப் பிறகு அவனாகப் பேசிய முதல் பேச்சு அது:

"முப்பத்தோரு மாசம்மா. பெரிய ஆயா ஒரு மாசம்கூட போகாம இருக்கலை."