புகையும் பண்பாடும்

பண்பாடு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தலைவணங்கிவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அச்சொல்லை உச்சரிப்பவர் யார், அதனால் நயம் பெறுபவர் யார் என வினவுவது முற்போக்காளரின் கடமையாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஹூக்காவை முன்னிட்டு எழுந்த விவாதம் இவ்வினாவைக் கூர்மையாக்குகிறது.

பழம், புதினா முதலிய சுவைகள் ஊட்டப்பட்ட புகையிலைப் பண்டங்களைக் கடைகளில் விற்பதைத் தடைசெய்யும் சட்டம் அங்கு 2020 ஆகஸ்டில் நிறைவேறியது. சிகரெட் கொம்பனிகள் பணத்தை வாரி இறைத்துக் கையொப்பம் திரட்டி, அதனைப் பொதுசன வாக்கெடுப்புக்கு இழுத்தன. 2022 நவம்பரில் மக்கள் சட்டத்தை உறுதிசெய்தனர். டிசெம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டத்தில் மூன்று வாயில்கள் திறந்தே விடப்பட்டன. மொத்த விலை 12 டொலருக்குக் குறையாத கைச்சுருட்டு ஒன்று. குழாயிலிட்டுப் புகைக்கும் புகையிலை மற்றொன்று. 21 வயதுக்குட்பட்டோரை உள்ளே விடாத, உரிமம் பெற்ற நிலையங்களில் விற்கப்படும் ஹூக்காப் புகையிலை மூன்றாவது. இவ்வாயில்களையும் அடைக்கும் உரிமை உள்ளூராட்சிகளுக்கு இருந்தமையால், வாதம் நகரசபைகளுக்குள்ளும் புகுந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2018 ஆம் ஆண்டிலேயே தடையை வாக்கெடுப்பில் ஏற்றிருந்தது. அங்கு ஹூக்காவுக்கு விலக்கில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரசபையோ 2022 இல் ஹூக்கா நிலையங்களுக்கு விலக்களித்தது.

விலக்குக் கேட்போரின் வாதத்தை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. ஈரானியரும் ஆர்மீனியரும் அராபியரும் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மதுவின்றிக் கூடிப் பேச ஓர் இடம் வேண்டுமென்கின்றனர். சிறு முதலுடன் கடை நடத்துவோர் தம் பிழைப்புப் போய்விடும் என அஞ்சுகின்றனர். புகையிலைத் தோட்டமும் சுருட்டுக் கொட்டிலும் எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்தன என்பதை யாழ்ப்பாணத்து மண்ணை அறிந்தோர் நன்குணர்வர். சீமானின் 12 டொலர்ச் சுருட்டுக்கு விலக்களித்து, குடியேறியவனின் ஹூக்காவை மட்டும் தடுப்பது நீதியாகாது என்பதும் மெய்யே.

சட்டங்களின் விலக்குகள் பெரும்பாலும் வலியோர் பக்கமே சாய்ந்திருக்கின்றன. 2009 இல் அமெரிக்க நடுவணரசு சுவையூட்டிய சிகரெட்டுகளைத் தடைசெய்தபோது, உள்நாட்டுக் கொம்பனிகளுக்குப் பெருவருவாய் தந்த மெந்தோலை மட்டும் விட்டுவைத்தது. இந்தோனேசியாவின் கிராம்புச் சிகரெட் அகப்பட்டுக்கொண்டது. இது பாரபட்சமே என 2012 இல் உலக வர்த்தக நிறுவனம் தீர்ப்பளித்தது.

எனினும், ஓர் அநீதியைச் சுட்டி இன்னொரு தீங்குக்கு இடங்கேட்பது எங்ஙனம் பொருந்தும்? ஹூக்கா பல நூற்றாண்டுப் பழமை உடையதுதான். ஆனால் விலக்குக் கோரப்படுவது அதன் சுவைக்கு. பாகும் பழவாசனையும் கலந்த 'முஅஸ்ஸல்' உலகெங்கும் பரவியது 1990களின் பின்னரே. எகிப்தில் அதனை உற்பத்தி செய்த நக்லா கொம்பனியை வாங்குவதாக 2012 இல் ஜப்பானியப் புகையிலைக் கொம்பனி அறிவித்தது. பாட்டனின் மரபு எனப் போற்றப்படுவது இவ்வாறு பன்னாட்டு மூலதனத்தின் சரக்காயிற்று. நீரினூடே வரும் புகை தூய்மையாகிவிடுவதுமில்லை. ஒருமணி நேர அமர்வில் உள்ளிழுக்கப்படும் புகையின் கனவளவு, ஒரு சிகரெட்டினதைப்போல் நூறு மடங்குக்கு மேற்படலாம் என உலக சுகாதார நிறுவனம் 2005 இல் எச்சரித்தது. கரி எரிவதால் எழும் கார்பன் மொனொக்சைட்டு வேறு. வாடிக்கையாளன் ஒரு மணியில் எழுந்து போய்விடுவான். தணல் மாற்றும் கூலியாளோ இரவு முழுவதும் அதே புகையைச் சுவாசிக்கிறான். பண்பாட்டைப் பேசிய சபைகளில் அவனுடைய நெஞ்சுக்காகப் பேசியோர் எத்தனை பேர்?

மரபுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1890 இல் ஈரானிய மன்னர் நசீருத்தீன் ஷா, நாட்டின் புகையிலை வாணிப உரிமை முழுவதையும் ஓர் ஆங்கிலேயருக்கு ஏகபோகமாக எழுதிக்கொடுத்தார். 1891 டிசெம்பரில் புகைத்தலை விலக்குமாறு சமயத்தலைவர் மீர்சா ஷிராசியின் பெயரில் கட்டளை வெளிவந்தது. கடைவீதிகளில் மட்டுமன்றி, அரசனின் அந்தப்புரத்திலும் ஹூக்காக்கள் ஓரங்கட்டப்பட்டன. அடுத்த மாதமே ஏகபோகம் இரத்தாயிற்று. புகைக்குழாயைக் கையிலெடுத்த மரபு ஈரானியருடையதாயின், மக்கள் நலனுக்காக அதனைக் கீழே வைத்த மரபும் அவர்களுடையதே.

ஆகவே நாம் வேண்டுவது, சுருட்டுக்கும் ஹூக்காவுக்கும் மெந்தோலுக்கும் ஒரே அளவுகோல். தொழில் மாறவேண்டிய சிறுகடைக்காரருக்கும் கூலியாளுக்கும் அரசு கைகொடுக்க வேண்டும். அது இன்றித் தடைமட்டும் விதிப்பது எளியோர்மீது பாரத்தை ஏற்றுவதாகும். கூடியிருந்து பேசும் இடம் மக்களுக்கு வேண்டும். ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு நல்ல உரையாடலும் அவ்விடத்தைக் காக்கப் போதுமானவை.